கிரெய்க்கின் விசிலும் நான் போர்த்திய துண்டும்

1

கிரெய்க், நீங்கள் நேர்மையான நடுவர் இல்லை. என் மகளுக்கு ஒரு சட்டம், அவளை எதிர்த்து ஆடுகிறவளுக்கு வேறு சட்டம் என்று இந்த சீசன் முழுக்க ஊதியிருக்கிறீர்கள். தெரியாமல் ஊதினீர்கள் என்று நான் நம்பவில்லை.

ஆங்கிலத்தில் எதையும் எழுதி எங்கேயும் போடக்கூடாது என்று என் மகள் ஜெனி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். தமிழைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் தமிழில் எழுதுகிறேன்.

எழுதச் சொன்னவன் தனசேகர். ஆரணியில் நான் ஆடிய கூடைப்பந்து கிளப்புக்கு இப்போது அவன்தான் செயலாளர். போன மாதம் போன் செய்தான்.

"அண்ணா, கிளப்புக்கு பொன்விழா மலர் போடறோம். நீங்க ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. பனி, குளிரு, அங்க நம்ம சாப்பாடு கிடைக்குதா, அந்த மாதிரி."

"பனிய பத்தி எழுதறதுக்கு எனக்கு ஆவாது தனா."

"அப்ப பொண்ண பத்தி எழுதுங்க. நம்ம ஊரு பொண்ணு சம்பளம் வாங்கிகினு பாஸ்கெட்பால் ஆடுதுன்னா சும்மாவா? போட்டோவும் அனுப்புங்க. பெருசா போட்டுடறேன்."

பெண்ணைப் பற்றித்தான் எழுதுகிறேன். தனா நினைத்த மாதிரி இருக்காது.

ஊரில் இருப்பவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கனடாவில் டொரொண்டோவுக்கு மேற்கே இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு நகரத்தில் இருக்கிறேன். அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. ஜெனி இங்கேயே பிறந்தவள். இருபத்து மூன்று வயது. இங்கே பெண்களுக்கான சின்ன தொழில்முறை லீக் ஒன்றில் ஆடுகிறாள். டிவியில் பெரிதாகக் காட்டுகிற லீக் இல்லை. ஆனால் சம்பளம் உண்டு, ஒப்பந்தம் உண்டு. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான். வருகிற வெள்ளிக்கிழமை, அடுத்த சீசனுக்கு யாரை வைத்துக்கொள்கிறோம் என்று அவள் அணி பட்டியல் போடும். அதில் பெயர் இல்லை என்றால் அவள் ஆட்டம் முடிந்தது. இருபத்து மூன்று வயதில் வெளியே விட்ட பெண்ணை வேறு அணி கூப்பிடாது.

பயிற்சியாளர் அவளிடம் சொன்னது ஒரே ஒரு குறை. ஃபவுல் அதிகம். ஐந்தாவது ஃபவுல் விழுந்தால் மறுபடி ஆட முடியாது என்பதால் வெளியே உட்கார்ந்துவிடுகிறாள், கடைசி நிமிடங்களில் அவளை நம்பி எதுவும் செய்ய முடியவில்லை.

அந்த ஃபவுல்களை ஊதியது யார் என்று பயிற்சியாளர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

2

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை மதியம். நானும் என் மனைவி சுசீலாவும் போயிருந்தோம். மூன்று நடுவர்களில் கிரெய்க் ஒருவர். ஐம்பது வயது இருக்கும். பகலில் ஏதோ பள்ளியில் கணக்கு வாத்தியார் என்று கேள்வி. நல்ல உயரம், சுத்தமாகச் சவரம் செய்த முகம், விசில் சத்தம் மட்டும் மற்ற இருவரைவிடக் கூர்மை.

மூன்றாவது கால்பகுதி. எதிரணியில் பதினோராம் நம்பர்க்காரி அந்த லீக்கிலேயே பெரிய ஆள். சுவரொட்டியில் அவள் படம்தான் இருக்கும். அவள் கூடைக்கு முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கினாள். ஜெனி பின்னால் நின்று முன்னங்கையை அவள் முதுகில் வைத்தாள். தள்ளவில்லை, வைத்தாள். கிரெய்க் ஊதினார். நான்காவது ஃபவுல்.

அடுத்து எங்கள் பக்கம் பந்து வந்தது. இப்போது ஜெனி கூடைக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். பதினோராம் நம்பர் பின்னால் நின்று அதே முன்னங்கையை அதே இடத்தில் வைத்தாள். வைத்தது மட்டுமில்லை, ஒரு அடி நகர்த்தினாள். ஜெனியின் கையிலிருந்து பந்து நழுவி வெளியே போனது. கிரெய்க் எட்டடி தூரத்தில் நின்று பார்த்தார். விசில் வாயில்தான் இருந்தது. ஊதவில்லை. பந்து எதிரணிக்கு என்று கையைக் காட்டினார்.

இரண்டுக்கும் நடுவில் பதினோரு விநாடி. பிறகு வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து எண்ணினேன்.

நான் எழுந்து நின்று கத்தினேன். "யோவ், கண்ணு இன்னா பொடனிலயா கீது? இதுக்கு இன்னாய்யா ஊதல?"

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒருவர் கையைக்கூடத் தட்டினார்.

"உக்காருங்க," என்று சுசீலா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஜனங்க பாக்குது."

"பாக்கட்டும்."

"ஜனங்க பாத்தா பரவால்ல. அவன் பாக்கறான்."

ஆமாம், கிரெய்க் பார்த்தார். நான் எந்த வரிசையில் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். நான்காவது கால்பகுதி தொடங்கி இரண்டாவது நிமிடத்தில் ஜெனிக்கு ஐந்தாவது ஃபவுல் வந்தது. ஊதியவர் அவர்தான். ஜெனி போய் உட்கார்ந்து துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டாள். அணி நான்கு புள்ளியில் தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் இங்கே ஒரு வழக்கம். தோற்ற அணியின் பயிற்சியாளரையும் இரண்டு வீராங்கனைகளையும் ஒரு மேசையில் மைக் வைத்து உட்கார வைப்பார்கள். நிருபர்கள் கேட்பார்கள். அன்றைக்கு ஜெனி உட்கார்ந்தாள். "ஏன் இவ்வளவு ஃபவுல்?" என்று ஒருவர் கேட்டார். "நான் இன்னும் ஒழுங்காக ஆட வேண்டும்," என்று சொன்னாள். நடுவரைக் குறை சொன்னால் அபராதம். கிரெய்க் பின்கதவு வழியாகப் போய்விட்டிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கக்கூடாது என்பது விதி.

3

ஆரணியில் நடுவர் பின்கதவு வழியாகப் போக முடியாது. கதவே கிடையாது. எங்கள் கோர்ட் திறந்தவெளியில் ஒரு சிமெண்ட் தரை, இரண்டு பக்கம் இரும்புக் கம்பம். ஆட்டம் முடிந்தால் நடுவர் கூட்டத்துக்கு நடுவில்தான் நடந்து போக வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் எங்களோடு நின்றுதான் டீ குடிக்க வேண்டும். அங்கே கேட்பவன் கேட்பான்.

ஆனால் எங்களிடம் வேறு ஒரு வழக்கம் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது.

வருடா வருடம் கோடையில் எங்கள் கிளப் போட்டி நடத்தும். வேலூர், கண்ணமங்கலம், தேவிகாபுரம், செய்யாறு என்று அணிகள் வரும். எங்கள் கிளப்புக்குப் புரவலர் ஒரு பட்டுச் சேலை வியாபாரி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் இரண்டு நடுவர்களையும் கோர்ட் நடுவில் நிற்க வைத்து, ஜரிகைக் கரை போட்ட பட்டுத் துண்டைப் போர்த்துவோம். எங்கள் கேப்டன்தான் போர்த்துவான். கைதட்டுவார்கள். நடுவர் அதை மடித்து ஸ்கோர் எழுதுகிற மேசைமேல் வைத்துவிட்டு விசிலை எடுப்பார். ஆட்டம் முழுக்க அந்தத் துண்டு மேசையில் இருக்கும். வெயிலில் ஜரிகை பளபளக்கும்.

இதற்கு நாங்கள் வைத்த பெயர் மரியாதை. பட்டு ஊர், பட்டுதான் போர்த்துவோம், இதில் என்ன இருக்கிறது என்று கேட்பேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகும் இருபத்தாறு வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

கண்ணமங்கலம் அணிக்காரர்கள் மட்டும் சும்மா இருக்க மாட்டார்கள். எங்களுக்கு எதிராக ஒரு விசில் வராமல் போனால் வெளியிலிருந்து ஒருவன் கத்துவான்.

"இன்னா சார், துண்டு வெய்ட்டா கீதா? கைய தூக்க முடியல?"

எல்லோரும் சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம். நடுவர்கூடச் சிரிப்பார்.

4

போன கோடையில் என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஆரணி வந்தேன். திரும்பும்போது மூன்று பட்டுத் துண்டு வாங்கி வந்தேன். ஏன் வாங்குகிறேன் என்று சுசீலாவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தடுத்திருப்பாள்.

இந்த சீசனில் ஜெனியின் அணி தங்கள் அரங்கில் ஆடிய முதல் ஆட்டம். ஆட்டக்காரர்களின் குடும்பத்துக்குத் தனி அனுமதி அட்டை உண்டு. அதைக் காட்டி உள்ளே போனேன். நடுவர்களின் அறைக்கு வெளியே நின்றேன். முதலில் வெளியே வந்தவர் கிரெய்க். நான் கும்பிட்டேன். துண்டை விரித்து அவர் தோளில் போர்த்தினேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். அந்த வழியாக வந்த எதிரணிப் பெண்கள் சிரித்து, போனில் படம் எடுத்தார்கள். "இது என்ன?" என்று கேட்டார். "எங்கள் ஊர் மரியாதை. என் மகள் ஒன்பதாம் நம்பர்," என்றேன். அவர் நன்றி சொன்னார். துண்டைக் கழற்றி, ஏதோ ஈரத்துணியைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். மற்ற இரண்டு துண்டும் என் பையிலேயே இருந்தன. அடுத்த நடுவர் வருவதற்குள் காவலாளி வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

பத்து நாளில் லீக்கிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு படிவம், ஆறு பக்கம். கொடுத்த பொருள் என்ன? கொடுத்தவருக்கும் ஆட்டக்காரருக்கும் என்ன உறவு? கொடுத்ததன் நோக்கம் என்ன? மரியாதை என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பதிலுக்கு என்ன எதிர்பார்த்தீர்கள்? ஒன்றுமில்லை என்று எழுதி நிறுத்தியிருக்க வேண்டும். இடம் காலியாக இருந்தது. காலியாக விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். இந்த நாட்டில் எத்தனை படிவம் அப்படித் திரும்பி வந்திருக்கிறது. அதனால், "எங்கள் பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்," என்று எழுதிவிட்டேன்.

நம் ஊரில் இதை யாரிடம்தான் சொல்வதில்லை? பிள்ளையைப் பஸ் ஏற்றும்போது கண்டக்டரிடம் சொல்கிறோம். ஆஸ்பத்திரியில் நர்சிடம் சொல்கிறோம். வாத்தியாரிடம் சொல்கிறோம்.

பிறகு வீடியோ அழைப்பில் விசாரணை. மெலிசா என்று ஒரு அம்மா. மரியாதையாகத்தான் பேசினார்.

"நடுவரிடம் நீங்கள் சலுகை கேட்டீர்களா?"

"இல்லை மேடம்."

"பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்?"

"எங்கள் ஊர்ப் பேச்சு மேடம், அவ்வளவுதான்," என்றேன்.

எனக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். அனுமதி அட்டையைப் பிடுங்கினார்கள். பத்தாவது வரிசைக்குக் கீழே உட்காரக்கூடாது. இதெல்லாம் பரவாயில்லை. ஜெனியின் கோப்பிலும் ஒரு காகிதம் வைத்தார்கள். அவளுக்குத் தெரியாமல் நடந்த விஷயம், அவள் தவறு எதுவும் இல்லை என்று அந்தக் காகிதமே சொல்கிறது. ஆனாலும் கோப்பில் இருக்கிறது.

கிரெய்க்கை அவள் ஆட்டங்களிலிருந்து மாற்றினார்களா? மாற்றவில்லை. கேட்டதற்கு, எங்கள் நடுவர்கள் எல்லோரும் பாரபட்சம் இல்லாதவர்கள் என்று பதில் வந்தது.

5

அதற்குப் பிறகு ஜெனி ஆடிய எல்லா ஆட்டத்தையும், யார் ஊதினார் என்பதோடு நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நான் இயந்திரம் பார்க்கிறவன். ஒரு பெல்ட் அடிக்கடி அறுந்தால் எந்த ஷிஃப்டில், எந்த உருளையில் அறுகிறது என்று எழுதி வைப்பது எனக்குப் பழக்கம். வேறு நடுவர்கள் இருக்கும்போது ஜெனி இரண்டு அல்லது மூன்று ஃபவுலில் ஆட்டத்தை முடிக்கிறாள். கிரெய்க் இருந்தால் ஐந்து. ஒரு ஆட்டத்திலும் தப்பவில்லை. அதே பெண், அதே கை, அதே ஆட்டம்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி லீக்குக்கு எழுதினேன். ஜெனி சத்தியம் வாங்கியது அதற்குப் பிறகுதான். இங்கே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. புகார் வந்தால் வீடியோவை மறுபடி பார்த்து, எந்த விசில் சரி, எந்த விசில் தப்பு என்று ஒரு அறிக்கை அனுப்புவார்கள். பதில் வந்தது. நான்காவது ஃபவுல்: தவறான முடிவு. பதினோராம் நம்பரின் முன்னங்கை: ஊதியிருக்க வேண்டும், ஊதவில்லை. ஐந்தாவது ஃபவுல்: தவறான முடிவு.

படித்ததும் எனக்குச் சந்தோஷம். சுசீலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"முடிவு மாறாதுன்னு போட்டிருக்குதே."

"மாறாதுதான். ஆனா தப்புன்னு ஒத்துக்கினாங்க இல்ல?"

"அந்த ரெண்டு ஃபவுல அவ கணக்குலேர்ந்து எடுத்துட்டாங்களா?"

எடுக்கவில்லை. ஊதியது ஊதியதுதான். ஏன் தவறு நடந்தது என்று கேட்டு மறுபடி எழுதினேன். நடுவர்களைப் பற்றிய மதிப்பீடு ரகசியம் என்று இரண்டு வரியில் பதில். தப்பு என்று சொல்வார்கள். ஏன் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். பயிற்சியாளர் கையில் இருக்கிற புள்ளிவிவரத் தாளில் அந்த ஐந்தும் ஐந்தாகவே இருக்கின்றன. வெள்ளிக்கிழமை அந்தத் தாளை வைத்துத்தான் பட்டியல் போடுவார்கள்.

6

அறிக்கையை எடுத்துக்கொண்டு ஜெனியின் வீட்டுக்குப் போனேன். இரண்டு தோழிகளோடு தனியாக இருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடம்தான். ஆனால் போன் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். அன்றைக்கு நான் போன் செய்யவில்லை.

முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறிக்கையைப் படித்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"அப்பா, ப்ளீஸ். இதோட விட்டுடுங்க."

"எதுக்கு விடணும்? அவன் வேணும்னே பண்றான்."

"அவர் கெட்டவர் இல்ல."

"பின்ன?"

"அவர் என்னைப் பாக்கறப்ப உங்களைப் பாக்கறார். அந்த ஷால் ஞாபகம் வருது. எனக்கு ஃபேவர் பண்றார்னு யாராச்சும் சொல்லிடுவாங்களோன்னு பயம். அந்தப் பயத்துல ஊதறார்."

"பயந்துகினு ஊதறவன் ஒரு நடுவரா?"

"இல்லதான். ஆனா அந்த பயத்தை யாரு குடுத்தது?"

அவள் தமிழில் சண்டை போடுவது எப்போதாவதுதான். கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள், எனக்கும் சௌகரியம், பாதி புரியாத மாதிரி இருந்துவிடலாம். அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடித் தமிழிலேயே பேசினாள். எனக்குப் புரிய வேண்டும் என்று.

"ஆரணில நீங்க ஃபைனல் ஜெயிச்சீங்க இல்ல? அப்ப ஷால் போட்டீங்களா?"

"அது மரியாதை."

"ரெண்டு டீமும் போட்டாங்களா?"

"நம்ம ஊரு டோர்னமெண்டு. நாமதான் போடணும்."

"ஓ," என்றாள்.

ஐஸ் பையை எடுத்து மறு முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

7

அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

எனக்குப் பதினேழு வயது. எங்களுக்கும் கண்ணமங்கலத்துக்கும் இறுதி ஆட்டம். அவர்கள் அணியில் சம்பத் என்று ஒருவன். மாவட்டத்திலேயே அவனை மாதிரி ஆடுகிறவன் அப்போது இல்லை. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் அன்றைக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். சம்பத்துக்கு ஏற்கெனவே நான்கு ஃபவுல். கடைசி நிமிடங்களில் நான் பந்தோடு ஓட, அவன் வழியில் நின்றான். நான் விழுந்தேன். நடுவர் ஊதினார். ஐந்தாவது. அவன் வெளியே போனான். நாங்கள் ஜெயித்தோம். மாவட்ட அணியில் என் பெயர் வந்தது. அந்தச் சான்றிதழை வைத்துத்தான் எனக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. அந்த டிப்ளமாவை வைத்துத்தான் இந்த நாட்டுக்கு வந்தேன்.

தனாவிடம் சம்பத்தின் நம்பர் வாங்கினேன். கண்ணமங்கலத்தில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். எனக்குக் காலை, அவனுக்குச் சாயங்காலம்.

"யாரு?"

"ஆரணி டேவிட்டு."

"எந்த டேவிட்டு?"

"பாஸ்கெட்பால் டேவிட்டு."

பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"அடப்பாவி. உயிரோடதான் கீறியா? பனில புதைஞ்சி போயிட்டன்னு நெனச்சேன்."

"ஒன்னு கேக்கணும் சம்பத்து. அந்த ஃபைனல்ல உன்னோட அஞ்சாவது ஃபவுலு…"

"நான் உன்னத் தொடல."

நான் கேள்வியை இன்னும் முடிக்கவில்லை.

"இத்தினி வருஷம் கழிச்சி இன்னாத்துக்குடா கேக்கற?" என்றான். "தனா சொன்னான். உன் பொண்ணுக்கு எவனோ ஊதிட்டானாமே."

"ஆமா."

"பேஜாரா கீதா?"

"கீது."

"எனக்கு அன்னிக்குக்கூட அவ்ளோ வலிக்கல. லிஸ்ட்டு ஒட்டினாங்க பாரு, உன் பேரு இருந்திச்சி, அன்னிக்குத்தான் வலிச்சிச்சி." கடையில் யாரோ ஏதோ கேட்டார்கள். "அந்த ரெண்டாவது ரேக்குல கீது பாரு, எடுத்துக்கோ," என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தான். "உனக்கு ஒரு விஷயம் தெரியாது. அந்த ரெஃப்ரி அப்புறமா இந்தப் பக்கமே குடி வந்துட்டாரு. பல்பு வாங்க என் கடைக்கே வருவாரு. ஒரு நாளு கேட்டுட்டேன். சார், அன்னிக்கு நான் அவனத் தொட்டனான்னு."

"இன்னா சொன்னாரு?"

"தொடலப்பா, அவன் விழுந்தான், என் கை தானா தூக்கிகிச்சி, தப்புதான்னாரு. கடைல நாலு பேரு நிக்கறப்பவே சொன்னாரு. ஒருத்தன் சிரிச்சான்கூட. மனுஷன் பல்ப வாங்கிகினு தலைய குனிஞ்சிகினு போனாரு. அத்தோட எனக்குப் பாதிக் கோவம் போயிடுச்சி."

"மீதிப் பாதி?"

"அது உன்னுதுடா. விழுந்தவன் நீதானே? சொல்லு. நான் தொட்டனா?"

"தொடல."

"போன்ல சொல்றான் பாரு," என்றான் சம்பத். "அவரு கடைல சொன்னாரு. சரி, வெக்கறேன். ஆளு நிக்குது."

8

சரி. நாலு பேர் முன்னால் சொல்கிறேன். தனா, இந்தப் பகுதியை வெட்டாதே. வெட்டினால் மலரில் என் கட்டுரையே வேண்டாம்.

அந்த இறுதி ஆட்டத்தில் சம்பத் என்னைத் தொடவில்லை. நான் தானாக விழுந்தேன். விழுந்தால் ஊதுவார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் துண்டு எங்கள் மேசையில் இருந்தது. மாவட்ட அணியில் வந்திருக்க வேண்டிய பெயர் அவனுடையது. என் படிப்பும் வேலையும் அந்த விசிலில் வந்தவை. அவன் இழந்ததைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. மறைத்து வைக்காமல் இருக்க மட்டும் முடியும்.

கிரெய்க் தோளில் நான் துண்டு போட்டது தவறு. அதற்கான தண்டனையை எனக்குக் கொடுங்கள். பத்தாவது வரிசை என்ன, அரங்குக்கு வெளியே நிறுத்துங்கள், நிற்கிறேன். ஆனால் நான் தப்பு செய்தவன் என்பதால் நீங்கள் சரியானவர் ஆகிவிட மாட்டீர்கள், கிரெய்க். ஒருவனுக்குச் சாதகமாக ஊதுவது எப்படிப் பாரபட்சமோ, யாரும் சந்தேகப்படக்கூடாது என்று அவன் பெண்ணுக்கு எதிராக ஊதுவதும் அப்படியே பாரபட்சம்தான். ஆரணி நடுவர் துண்டைப் பார்த்து ஊதினார். நீங்களும் துண்டைப் பார்த்துத்தான் ஊதுகிறீர்கள். பந்தைப் பார்த்து ஊதுங்கள்.

மலர் அச்சானால் ஊரில் கொடுப்பார்கள். எனக்கு அவ்வளவு நாள் பொறுக்க முடியாது. இதை இப்படியே தமிழிலேயே லீக் அலுவலகத்துக்கு அனுப்பப் போகிறேன். என் பிறப்புச் சான்றிதழையும் கல்யாணச் சான்றிதழையும் மொழிபெயர்த்து முத்திரை குத்தி வாங்கி வா என்று இந்த நாட்டு அலுவலகங்கள் என்னை எத்தனை முறை அலைய விட்டிருக்கின்றன. இந்த ஒரு முறை அவர்கள் ஆள் தேடி மொழிபெயர்த்துக்கொள்ளட்டும்.

மெலிசா மேடம், ரகசியம் என்று இன்னொரு கடிதம் எனக்கு வேண்டாம். அறிக்கையின் நகலைப் பயிற்சியாளருக்கு நீங்கள் அனுப்பினீர்களா இல்லையா, அதை எல்லோருக்கும் தெரியும்படி சொல்லுங்கள்.

கிரெய்க், வெள்ளிக்கிழமை பட்டியல் வருவதற்கு முன்னால், தோற்ற பெண்களை உட்கார வைக்கிறீர்களே அந்த மேசையில், அந்த மைக்குக்கு முன்னால், ஒரு முறை நீங்கள் உட்காருங்கள். என் பெயரைச் சொல்லுங்கள். நான் செய்ததையும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு இதற்குப் பதில் சொல்லுங்கள்: பதினோரு விநாடி இடைவெளியில் ஒரே மாதிரி இரண்டு கை, உங்கள் கண் எதிரில். ஒன்றுக்கு ஊதினீர்கள். இன்னொன்றுக்கு ஏன் ஊதவில்லை?